மாடித் தரையில் ஒரு வாளித் தண்ணீர்

போன வாரம் எங்கள் வீட்டு மரத்தரையைத் தேய்த்துப் புதுப் பூச்சு கொடுக்க ஆள் வந்திருந்தார். மெஷின் சத்தம் கேட்டதும் நான் போய் ஒரு வாளித் தண்ணீர் பிடித்து வந்து வைத்தேன். "எதுக்கு சார் தண்ணி?" என்றார். அசடு வழிந்தேன். காரணத்தை உங்களிடம் சொல்லலாம்.

வார்னிஷ் வாசனை வந்தால் சிவகாசியில் நாங்கள் இருந்த வாடகை வீட்டு மாடியறைதான் நினைவுக்கு வரும். தேக்குப் பலகைத் தரை, முழுக்கக் கீறல். இரண்டாயிரத்தின் தொடக்கம் அது. அக்காவைப் பெண் பார்க்க வருகிறவர்களை அங்கேதான் உட்கார வைக்க வேண்டும். ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. இதாவது அமையாதா என்று வீடே தவித்துக்கொண்டிருந்தது. அச்சாபீஸில் காலண்டர் அடித்துக்கொண்டிருந்த அப்பா, தரையைத் தேய்த்துக் கலர் கொடுத்துவிடலாம் என்றார். கலர் பற்றித் தனக்குத் தெரியாதது இல்லை என்பது அவர் நினைப்பு. எனக்கு அப்போதுதான் உட்கார்ந்து எழுதுகிற வேலை கிடைத்திருந்தது. உப்புத்தாள் பிடித்துக் கொஞ்ச நேரம் தேய்ப்பதற்குள் கை கழன்றுவிட்டது.

அம்மா தாயில்பட்டியில் பட்டாசுக் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தாள். வெடிமருந்து இருக்கிற இடத்தில் எதையும் உரசக் கூடாது. முந்தின சீசனில் அப்படி ஒரு உரசலில் தீப்பற்றித்தான் அவள் தோழி செத்துப்போனாள். அன்று கம்பெனி வேனிலிருந்து இறங்கியவள், மாடியில் 'சரக் சரக்'கென்று சத்தம் கேட்டு வாளியோடு ஓடி வந்தாள்.

"தேய்க்காதீக! நிறுத்துங்கன்னா!"

வாளித் தண்ணீர் முழுவதும் தரையில்.

"இது மரம்டி, மருந்தா என்ன?" என்றார் அப்பா, நனைந்த வேட்டியோடு. அம்மா காலி வாளியைக் கீழே வைத்தாள்.

மறுநாளே பெண் பார்க்க வருகிறார்கள். சரியாகக் காயாத பலகையில் அப்பா கலரைப் பூச, அது திட்டுத்திட்டாகப் பிடித்தது. "எம்பிள்ள வாழ்க்கைய நானே கெடுத்துட்டேனே" என்று அம்மா அழுதாள்.

மாப்பிள்ளையின் அம்மா மாடி ஏறியதும் தரையைத்தான் பார்த்தார்.

"என்ன மதினி, இங்கன இம்புட்டுத் திட்டு?"

"தேய்க்கிற சத்தம் கேட்டுச்சு மதினி. கம்பெனி நெனப்புல தண்ணிய ஊத்திட்டேன்."

அவரும் பட்டாசுக் கம்பெனிக்குப் போகிறவர்தான். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "எங்க வீட்ல அம்மி அரைச்சாலே எனக்குப் பதறும். பிள்ளையக் கூப்பிடுங்க, பாப்போம்."

அந்த இடமே அமைந்தது.

அந்த வீட்டை இடித்துவிட்டார்கள். பலகைகள் எங்கே போயினவோ. என் தரை இப்போது ஒரு திட்டுகூட இல்லாமல் வழவழவென்று வந்திருக்கிறது. வேலை முடிந்தபோதும் ஓரத்தில் வாளித் தண்ணீர் தளும்பாமல் அப்படியே இருந்தது. தூக்கி ஊற்ற அம்மாதான் இல்லை.