எந்தப் பால்?

ஞானஜோதியின் ஸ்கூட்டி சிட்லபாக்கத்தில் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் ஒரு ஜன்னலாவது சாத்தப்படும். வீட்டிலேயே வைத்துப் பாருங்கள் என்று ஆஸ்பத்திரி கைவிட்டவர்களைத் தேடித்தான் அந்த வண்டி வரும் என்பது எல்லாருக்கும் தெரியும். தாம்பரத்து அறக்கட்டளை ஒன்றில் ஆறு வருஷமாக வீட்டு நர்ஸ். புண் துடைப்பது, வலி மாத்திரை கொடுப்பது, புரட்டிப் படுக்கவைக்க வீட்டாருக்குச் சொல்லித்தருவது அவள் வேலை. வசவு வாங்கிக்கொள்வது, யாரும் சொல்லித்தராமல் அவளாகக் கற்றுக்கொண்டது.

அந்த வியாழக்கிழமை காலை வேதாசலம் வீட்டு வாசலில் இருபது செருப்புகள் கிடந்தன. வாளித் தண்ணீரில் ஒரு ரோஜா மாலை மிதந்தது.

கேட்டை மறித்துக்கொண்டு நின்றார் வேதாசலத்தின் மகன் துரை.

"வா தாயே. எங்கப்பாவை முடிச்சிடச் சொல்லி எழுதிக் குடுத்துட்டுப் போனியே, முடிஞ்சுதான்னு பாக்க வந்தியா?"

வீட்டாருக்காக அவள் குறிப்பெழுதி வைக்கும் நோட்டை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். செவ்வாய்க்கிழமை அவளே எழுதியது: 'வாய் காயக் கூடாது. பால் சொட்டுச் சொட்டாக விடவும்.'

சாகக் கிடப்பவர் வாயில் பால் விடுவதென்றால் என்ன அர்த்தம் என்று எழுதும்போது அவளுக்கு உறைக்கவில்லை. நேற்று சாயங்காலம் அதைப் படித்த துரை, அனகாபுத்தூரிலிருந்து பல்லாவரம் வரை போன் போட்டுவிட்டார். சொந்தபந்தம் வரிசையில் நின்று ஆளுக்கொரு கரண்டி ஊற்றியது. ஒன்பதாவது கரண்டியில் கிழவருக்குப் புரையேறி, இருமி, கண்ணைத் திறந்துவிட்டார்.

"சார், நான் சொன்னது குடிக்கிற பால். அந்தப் பால் இல்ல."

"எந்தப் பால்னு பாக்கெட்லயா போட்டிருக்கு?" என்றாள் உள்ளேயிருந்து துரையின் அத்தை.

"இனிமே இந்தப் பக்கம் வரமாட்டேன்னு இதுல எழுதிக் கையெழுத்துப் போடு" என்றார் துரை.

"போட்டுடறேன். ஆனா வலி மாத்திரை இன்னியோட தீருது. கடையில கிடைக்காது. நான் பாத்து எழுதினாத்தான் எங்க சென்டர்ல குடுப்பாங்க. போன மாசம் ஐயா வலியில கத்தினது மூணு வீடு தள்ளிக் கேட்டுதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"மிரட்டுறியா?"

"ஆமா சார்."

துரை வாயைத் திறப்பதற்குள் உள்ளறையிலிருந்து குரல் வந்தது. நூலாக இழுபட்டாலும் எரிச்சலுக்குக் குறைவில்லை.

"டேய், பால் கேட்டது நான்டா. தண்ணி கசக்குது, பால் குடுன்னு இவகிட்ட கேட்டேன். அதுக்கு ஊரையே கூட்டி வெச்சுட்டியே. மாலை எவன் வாங்கினான்?"

அத்தை மெதுவாகப் போய் வாளியைக் கதவுக்குப் பின்னால் நகர்த்தினாள்.

"நீ இன்னா அங்க நிக்கிற?" உள்ளேயிருந்தே ஞானஜோதியிடம் கிழவர் சீறினார். "ஒழுங்கா ஒரு வரி எழுதத் தெரியல, நீயெல்லாம் நர்ஸு! வா, வலிக்குது."

துரை ஒதுங்கி வழிவிட்டார். அவள் மாத்திரையைக் கொடுத்து, தலையைத் தூக்கி வைத்து, நனைத்த பஞ்சால் உதட்டைத் துடைத்தாள். பிறகு நோட்டில் பழைய வரியை அடித்துவிட்டு எழுதினாள்: 'குடிக்கக் கேட்டால் பால். உட்காரவைத்து, ஒருவர் மட்டும் கொடுக்கவும்.'

"சர்க்கரைன்னு போடு" என்றார் வேதாசலம்.

போட்டாள்.

கேட்டைச் சாத்தும்போது துரை அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"சனிக்கிழமை வா. வண்டியைத் தெருமுனையிலேயே நிறுத்திட்டு வா."