நினைவில் இல்லாத பன்னிரண்டு கிரெடிட்

ஒருவர் படித்த படிப்பு எதுவரைக்கும் அவருடையது? தேர்வு எழுதி முடித்ததோடு அது அவருக்குச் சொந்தமாகிவிடுகிறதா, அல்லது அவர் அதை நினைவில் வைத்திருக்கும் வரைக்கும்தானா? ஜெகதீஸ்வரி தம்பிராசா இப்படியான கேள்விகளைக் கேட்டுக்கொண்டிருக்கிற ஆள் இல்லை. பிரெஞ்சு பேசும் ஒரு பனி நகரத்தின் வில்லரேப் பகுதியில், ஒரு கார்டரியில், அதாவது பிள்ளைக் காப்பகத்தில், பன்னிரண்டு வருடங்களாகச் சிறுபிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற வேலை அவளுக்கு. அங்கே கேட்கப்படும் கேள்விகள் வேறு: யார் யாரைக் கடித்தது, யாருடைய சப்பாத்து மாறிப்போனது. ஆனாலும் நாற்பத்து நாலாவது வயதில் இந்தக் கேள்வி ஒரு மின்னஞ்சலாக அவளிடம் வந்து சேர்ந்தது.

அது வந்தது மத்தியானம் ஒன்றரைக்கு. பிள்ளைகள் படுக்கும் நேரம். திரைச்சீலை இழுத்துவிட்ட அறையில் பன்னிரண்டு குட்டிப் படுக்கைகள், பன்னிரண்டு மூச்சு. கதவோரத்து நாற்காலியில் இருந்தபடி, வெளிச்சத்தைக் குறைத்து, மின்னஞ்சலோடு வந்த கோப்பைத் தொலைபேசியில் திறந்தாள். தான் பாதியில் விட்ட பழைய பல்கலைக்கழகத்தின் மதிப்பெண் பட்டியல்.

2004இல் கல்யாணத்தோடு அவள் படிப்பை விட்டாள். அதுவரை முடித்தது பதினாறு பாடங்கள், பாடத்துக்கு மூன்றாக நாற்பத்தெட்டு கிரெடிட். பட்டத்துக்குத் தொண்ணூறு வேண்டும். தொலைவழியில் படிப்பிக்கும் ஒரு பல்கலைக்கழகம் பழைய கிரெடிட்டுகளில் அறுபது வரைக்கும் ஏற்றுக்கொள்ளும், மிச்சத்தை மட்டும் படித்தால் போதும், முழுப் பட்டத்துக்குக் கட்டுவதில் பாதிகூட ஆகாது என்று கேள்விப்பட்டு விண்ணப்பித்திருந்தாள். காரணம் இருந்தது. கார்டரியை நடத்தும் நிரோஜா, துணை நிர்வாகி இடத்தை அடுத்த ஜூன் வரைக்கும் அவளுக்காக வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தாள். பட்டம் இருந்தால் மட்டும். வேலைக்கும் போய்க்கொண்டு பதினாலு பாடங்களை ஒரு வருடத்தில் முடிக்க ஏலாது என்று ஜெகதீஸ்வரிக்குத் தெரியும். பத்து என்றால் முடியலாம்.

பட்டியலின் கடைசி வரியில் மொத்தம் அறுபது என்றிருந்தது.

மேலே தள்ளிப் பார்த்தாள். பதினாறு பாடங்களும் இருந்தன; அவளுக்கு நன்றாகத் தெரிந்த அந்தச் சுமாரான மதிப்பெண்களோடு. அவற்றுக்குக் கீழே ஒரு இடைவெளி. பிறகு, '2009 குளிர்காலத் தவணை'. புள்ளியியல். குழந்தைகளின் மொழி வளர்ச்சி. பிரெஞ்சுக் கட்டுரை. பாறைகளும் புவியின் காலமும். நாலிலும் 'ஏ' தரம்.

2009 குளிர்காலத்தில் அவள் எந்த வகுப்புக்கும் போகவில்லை. அந்த வருடம் ஜனவரி பதினோராம் தேதிதான் வன்னியிலிருந்து தம்பி பிரணவன் கடைசியாகத் தொலைபேசி எடுத்தான். சத்தம் அறுந்து அறுந்து வந்தது. "பேந்து எடுக்கிறன் அக்கா" என்றான். அதன் பிறகு எடுக்கவில்லை. அந்தக் குளிர்காலம் முழுவதும் அவள் மற்றச் சனங்களோடு நகர நடுவில் யுத்தத்தை நிறுத்தச் சொல்லிப் பதாகை பிடித்து நின்றாள். சப்பாத்துக்குள் பனித்தண்ணீர் இறங்கியதும், பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர் தன் கையுறையைக் கழற்றித் தந்ததும் இப்போதும் விரலில் குளிராக இருந்தன.

ஒரு படுக்கையில் பிள்ளையொன்று கண்ணைத் திறக்காமலே எழுந்து உட்கார்ந்து, அவள் பக்கம் முகத்தைத் திருப்பி, பிறகு அப்படியே சாய்ந்துகொண்டது.

புதிய பல்கலைக்கழகத்தில் கிரெடிட் மாற்றத்தைக் கவனிப்பவர் பத்மா. சென்னைக்காரர், இந்த ஊருக்கு வந்து முப்பது வருடமானவர். வேறு யாருடைய பாடங்களோ தவறி வந்து விழுந்திருக்கின்றன என்று ஜெகதீஸ்வரி அவரிடம் தொலைபேசியில் சொன்னாள். அதே பெயர், அதே தகப்பன் பெயர், யாழ்ப்பாணத்து ஆட்களில் எத்தனை பேர்.

"நானும் அப்படித்தான் நினைச்சேன் மேடம். பழைய யுனிவர்சிட்டில கேட்டுப் பாத்துட்டேன். அதே மாணவர் நம்பர், அதே பிறந்த தேதி. அந்த வருஷம் ஜனவரி பதினாலு புதுசா மாணவர் கார்டு எடுத்திருக்கீங்க. போட்டோ அனுப்பியிருக்காங்க, ஃபார்வேர்ட் பண்றேன். அதுவும் பாருங்க, நாப்பத்தெட்டும் பன்னெண்டும் சரியா அறுபது. ஒண்ணு கூடலை, குறையலை. யாரோ உக்காந்து கணக்குப் போட்டு வெச்ச மாதிரி."

"எனக்கு ஒண்டும் ஞாபகம் இல்லை மேடம்."

பத்மா சிரித்தார். "படிச்சது ஞாபகம் இருந்தாத்தான் கிரெடிட்னா இந்த ஊர்ல ஒருத்தருக்கும் டிகிரி கிடைக்காது. பழைய பாடங்கிறதால ஒவ்வொண்ணுக்கும் என்ன கத்துக்கிட்டீங்கன்னு நாலு வரி எழுதி, இது என் படிப்புன்னு கையெழுத்துப் போடணும். அவ்வளவுதான். பாடத்திட்டம் அனுப்புறேன், பாத்து எழுதுங்க."

படம் வந்தது. அவள்தான். இருபத்தெட்டு வயது. இடது புருவத்துத் தழும்பு உட்பட அவள்தான். தம்பியின் குரல் அறுந்து மூன்றாம் நாள் எடுத்த படம். அதில் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். கமெராவுக்காக இழுத்துப் பிடித்த சிரிப்பு இல்லை. பக்கத்தில் யாரோ ஏதோ சொல்ல, அடக்க முடியாமல் வந்த சிரிப்பு.

ஞாயிற்றுக்கிழமை கணவன் இரவிச்சந்திரன் ஜான்-டலோன் சந்தையில் வாங்கிய லீக்ஸை மேசையில் பரப்பி வெட்டிக்கொண்டிருந்தான். அவள் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"இஞ்சேருங்கோ. இரண்டாயிரத்து ஒன்பதில நான் காலமையில எங்கை போறனான்?"

"இதென்ன கேள்வி? ஆர்ப்பாட்டத்துக்கு."

"நீங்கள் கண்டனீங்களோ?"

"நான் எங்கை காண்றது? பாண் பக்டரியில நைட் அடிச்சிட்டு வந்து பிணம் மாதிரிக் கிடப்பன். எங்கட சின்னப் பெடியன் நெஞ்சில ஏறி இருந்து குதிரை ஓடுவான். நீ எட்டரைக்குப் பையைக் கொளுவிக்கொண்டு இறங்குவாய்."

"என்ன பை?"

"முதுகுப் பை. நல்ல பாரம். நோட்டீசும் தண்ணிப் போத்தலும் எண்டு நினைச்சன்."

"ஒருநாளும் கேக்கேல்லையோ?"

கத்தியை வைத்துவிட்டு அவளைப் பார்த்தான். "அந்த நேரம் ஆரப்பா ஆரைக் கேட்டது? வீட்டை விட்டு வெளிக்கிட்ட சனம் முழுக்க அங்கைதான் போனது. எங்கை போறாய் எண்டு கேட்டால் அடி விழும்." கொஞ்சம் யோசித்தான். "ஒண்டு மட்டும் ஞாபகம். சாப்பிடேக்கை வாய்க்குள்ள எண்ணிக்கொண்டே இருப்பாய். அண்டண்டைக்குச் செத்த ஆக்களை எண்ணிறாய் எண்டு நான் பேசாமல் இருந்தன்."

"எண்ணினனானோ?"

"ஓம். சில நேரம் தசமத்தோட எண்ணினாய். எனக்கு அது விளங்கேல்லை."

லீக்ஸை மறுபடி வெட்டத் தொடங்கினான். கத்தியின் சத்தம் சீராக வந்தது. ஜெகதீஸ்வரி தன்னை அறியாமல் அதை எண்ணினாள். எண்ணுகிறோம் என்று தெரிந்ததும் நிறுத்தினாள்.

அந்தக் காலத்தில் தமிழர் கூடி வாழும் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியிலிருந்து ஆர்ப்பாட்டத்துக்கு ஆட்களை ஏற்றிப்போன வான் வண்டிகளுக்குப் பெயர் எழுதியவள் சிவமலர். இப்போது அதே பகுதியில் சாரி பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறாள். ஜெகதீஸ்வரி கடைக்குள் போனபோது அவள் வாயில் குண்டூசி இருந்தது.

"மலரக்கா, ஒன்பதாம் ஆண்டு நான் உங்களோட வந்தனான்தானே?"

சிவமலர் குண்டூசியை எடுத்தாள். தையல் இயந்திரத்தை நிறுத்தினாள். "பதினைஞ்சு வருசத்துக்குப் பிறகு வந்து கேக்கிறாய் பார். நீ வரேல்லை."

"ஒரு நாளும்?"

"ஒரு நாளும். பெயர் எழுதினது நான். தம்பியை அங்கை விட்டவளே எட்டிப் பாக்கேல்லை எண்டு சனம் கதைச்சது. பாவம், அவளுக்கு நெஞ்சில பலமில்லை எண்டு சொல்லிச் சொல்லி வாயடைச்சது நான். உனக்கு இப்பதான் ரோசம் வருது என்ன?"

"எனக்கு ஞாபகம் இருக்கு அக்கா. சப்பாத்துக்குள்ள தண்ணி இறங்கி... ஒரு ஐயா கையுறை தந்து..."

சிவமலரின் முகம் மாறியது. குரல் இறங்கியது. "அது என்ர தங்கச்சி நிருஷாவுக்கு நடந்தது, ஜெகா. அவளின்ர சப்பாத்துக்குள்ளதான் தண்ணி போனது. அதை ரெலிபோனில உனக்குச் சொன்னது நான்."

ஜெகதீஸ்வரி கை விரல்களைப் பார்த்தாள். குளிர் இன்னும் அங்கேதான் இருந்தது. அது யாருடைய குளிர் என்று தெரிந்த பிறகும் அது போகவில்லை.

வெளியே ஏப்ரல் வெயில். டெப்பனர் என்கிற மூலைக்கடை வாசலில் இரண்டு பேர் லொத்தர் சீட்டு சுரண்டிக்கொண்டு நின்றார்கள். அவள் வீட்டுப் பக்கம் திரும்பாமல் நேரே மெட்ரோவுக்குள் இறங்கினாள்.

பழைய பல்கலைக்கழகத்தில் அவள் முன்பு படித்ததெல்லாம் தெருவுக்குத் தெற்கே உள்ள கட்டடத்தில். வடக்கே உள்ள கட்டடத்துக்குள் அவள் போனதாக நினைவில்லை. சனிக்கிழமை, ஆளில்லை. வாசலில் நின்று பெயர்ப்பலகையை வாசிக்க நினைத்தாள். வாசிக்கு முன்பே கால் இடப்பக்கம் திரும்பிவிட்டது. அங்கே படிக்கட்டு இருந்தது. நாலாம் மாடியில் நின்றது கால், அவள் அல்ல. நீண்ட நடை. சுவரோரம் கண்ணாடிப் பெட்டிகளில் கற்கள்; ஒவ்வொன்றுக்கும் கீழே கோடி கோடியாய் வயது. கடைசிக் கதவின் கைபிடியைப் பிடித்து, கொஞ்சம் மேலே தூக்கி, பிறகு தள்ளினாள். திறந்துகொண்டது. தூக்காமல் தள்ளியிருந்தால் திறந்திருக்காது என்று பிறகுதான் உறைத்தது. திரும்பவும் மூடி, தூக்காமல் தள்ளிப் பார்த்தாள். அசையவில்லை.

உள்ளே வரிசை வரிசையாக வெறும் கதிரைகள். வாசலில் நின்றபடியே, ஏதாவது வரட்டும் என்று காத்திருந்தாள். ஒரு குரல், ஒரு வாசம், கரும்பலகையில் ஒரு எழுத்து. ஒன்றும் வரவில்லை. அவளுடைய கைக்கும் காலுக்கும் தெரிந்த ஒன்றை அவளிடம் சொல்ல அவற்றுக்கு வழியில்லை. மூன்றாம் வரிசையில், நடுவில் ஒரு கதிரை மட்டும் மடங்காமல் விரிந்திருந்தது. யாரோ இப்போதுதான் எழுந்து போனது போல. பழுதாகியிருக்கலாம். அவள் அதில் உட்காரவில்லை.

திரும்பும் வழியில் மெட்ரோ யன்னலில் தன் முகம் தெரிந்தது. தம்பி சாகிற நாட்களில், ஊரெல்லாம் தெருவில் நின்று கத்தின நாட்களில், இந்த முகம் மூன்றாம் வரிசையில் இருந்து பாறைகளின் வயதைப் படித்திருக்கிறது. நன்றாகப் படித்திருக்கிறது. தான் வாழ்நாளில் ஒருமுறையும் வாங்காத 'ஏ' தரத்தை நாலு முறை வாங்கியிருக்கிறது. அதைச் செய்தவளைத் தண்டிப்பதா, அவளிடம் பயப்படுவதா? ஒருவேளை அவளும் தம்பிக்காகத்தான் ஏதோ செய்துகொண்டிருந்தாளா? கேட்க ஆள் இல்லை. செய்தவள் போய்விட்டாள், சத்தமில்லாமல், ஒரு சொல்லும் விட்டுவைக்காமல். தேர்வு முடிந்த ஏப்ரலோடு அவள் போயிருக்க வேண்டும். மே மாதம் தம்பியின் சாவுச் செய்தி வந்தபோது சுவரில் தலையை மோதி அழுதது ஜெகதீஸ்வரி. அது அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதையும் இரவிச்சந்திரனிடம் ஒருமுறை கேட்டுப் பார்க்கலாமா என்று நினைத்தாள். கேட்கவில்லை.

படிவத்துக்கு வெள்ளிக்கிழமை கடைசி நாள். நிரோஜா புதன்கிழமை கார்டரிச் சமையலறைக்கு வந்து, "என்னக்கா, அறுபதும் வருதாமே! அப்ப அடுத்த ஜூன்ல பெயர்ப்பலகை அடிக்கலாம்" என்றாள். ஜெகதீஸ்வரி தலையாட்டினாள். அவளுக்கு முன் மூன்று வழிகள் இருந்தன என்று யாரும் சொல்லலாம். எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போட்டால் பத்துப் பாடம், ஒரு வருடம், அந்த இடம். நினைவில்லாத நாலையும் விட்டால் பதினாலு பாடம். மனச்சாட்சிக்குச் சுகம், இடம் போய்விடும். அல்லது படிவத்தையே அனுப்பாமல் விடலாம்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் பத்மா கூப்பிட்டார்.

"மேடம், படிவம் வந்துச்சு. ஆனா மாத்தி அடிச்சிட்டீங்கன்னு நினைக்கிறேன். ஞாபகம் இருக்குன்னு சொன்ன பதினாறு பாடத்தையும் வெட்டிட்டு, ஞாபகம் இல்லாத நாலை மட்டும் வெச்சிருக்கீங்க. அந்த நாலுக்கும் எழுத வேண்டிய இடம் காலியா இருக்கு. கையெழுத்து மட்டும்தான் இருக்கு."

"மாத்தி அடிக்கேல்லை."

"அப்படின்னா இருபத்தாறு பாடம் படிக்கணும் மேடம். மூணு வருஷத்துக்கு மேல ஆகும். எழுதாத நாலை நான் கமிட்டிகிட்ட கெஞ்சி வாங்கணும். நல்லா யோசிச்சீங்களா?"

"ஓம்."

"ஏன்னு கேக்கலாமா?"

பத்மா கேட்டார். பிறகு இரவிச்சந்திரன் கேட்டான். நிரோஜா கொஞ்சம் கோபமாகவே கேட்டாள், அடுத்த ஜூனுக்குக் காத்திராமல் அந்த இடத்தை வேறொருத்திக்குக் கொடுத்தாள். சிவமலர் கேட்டு, அளவு நாடாவை உதறிக்கொண்டு உள்ளே போனாள். பன்னிரண்டு கிரெடிட்டோடு செப்டம்பரில் ஜெகதீஸ்வரி முதலாம் ஆண்டில் சேர்ந்தாள். நினைவில் இருந்த குளிரே தன்னுடையதில்லை என்றான பிறகு, நினைவில் இருக்கும் பாடங்களை அவளால் நம்ப முடியவில்லை; கதவைத் தூக்கித் திறந்த கையை மட்டும் நம்ப முடிந்தது. அதை அவள் ஒருவருக்கும் சொல்லவில்லை.