மன்னிப்புக் கேட்பவரின் வயிறு

நாகசாகியில் எங்கள் கம்பெனி வெந்நீர் ஹீட்டர் விற்கிறது. அங்கே டோகுனாகாவுக்கு ஒரே ஒரு வேலை, மன்னிப்புக் கேட்பது. குளிர்காலத்தில் ஹீட்டர் படுத்துக்கொண்டு, குளியல் தொட்டியில் பச்சைத் தண்ணீர் நின்றால், மெக்கானிக் போய்ச் சரிசெய்துவிடுவார். ஆனால் வாடிக்கையாளரின் கோபத்தை மெக்கானிக்கால் கழற்றி மாட்ட முடியாது. அதற்குத்தான் கறுப்புக் கோட்டும் டையுமாக, கையில் கஸ்டெலா கேக் பெட்டியோடு டோகுனாகா போவார். அவர்கள் வீட்டுப் பாயில் மண்டியிட்டு, நெற்றி தரையில் படக் குனிவார். திட்டி முடிக்கும்வரை நிமிர மாட்டார்.

நான் பக்கத்து மேஜைக்காரி, நொசே. புகார் போன்களை எடுக்கிறவள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அதனால் என்னை யாரும் மன்னிப்புக் கேட்க அனுப்புவதில்லை.

மலைச்சரிவு வீடுகளுக்குக் காரில் போக முடியாது, படிக்கட்டுதான். ஒரு காலத்தில் டோகுனாகா அதில் ஆட்டுக்குட்டிபோல் ஏறுவார். பிறகு மெல்ல மெல்ல வயிறு முன்னே வந்தது. கையும் காலும் மெலிய, வயிறு மட்டும் வளர்ந்தது. காலையில் வேலைக்கு வரும்போதே பிழிந்து போட்ட துணி மாதிரி வருவார். பாதிப் படியில் உட்கார்ந்துவிடுகிறார் என்று செய்தி வந்ததும் மேனேஜர் ஹிராயாமா எங்கள் எல்லோர் முன்னாலும் சொன்னார்:

"படியேற முடியாத ஆளை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? வசந்தம் வர்றதுக்குள்ள இளைச்சுக் காட்டுங்க. இல்லேன்னா கிடங்குக்குப் போயிடுங்க."

டோகுனாகா என் பக்கம் திரும்பினார். "எனக்குத் தெரிஞ்ச ஒரே வேலை குனியறதுதான், நொசே. கிடங்குல யார்கிட்ட குனிவேன்?" என்றார். அவர் வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

சோற்றைப் பாதியாகக் குறைத்தார். பீரை விட்டார். சாயங்காலம் துறைமுகம்வரை நடந்தார். வயிறு அசைந்துகொடுக்கவில்லை, இருந்த கொஞ்சநஞ்சத் தெம்பும் போயிற்று. நான் சும்மா இருந்தேனா? "கஸ்டெலாவைப் பாதி வழியிலேயே முடிச்சிடறீங்களோ?" என்று கேட்டேன். அதற்கும் அவர் "மன்னிச்சுக்கோங்க" என்றார்.

வருடாந்திர உடல் பரிசோதனை வந்தது. இடுப்பை நாடா வைத்து அளக்கும் நாள். ஆம்பிளைகள் எல்லாம் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு நிற்க, டோகுனாகா மட்டும் நர்ஸிடம் தலை குனிந்து, "இவ்வளவு பெரிசா இருக்கறதுக்கு மன்னிக்கணும், உங்களுக்குச் சிரமம்" என்றார். உள்ளே இருந்த டாக்டர் ஷிமோமுரா அம்மா அதைக் கேட்டுவிட்டு எட்டிப்பார்த்தார். "வயித்துக்கெல்லாமா மன்னிப்புக் கேப்பாங்க? என்ன வேலை பார்க்கறீங்க நீங்க?" என்றார். பிறகு தூக்கத்தைப் பற்றிக் கேட்டார்.

"நல்லாத் தூங்கறேன் டாக்டர். விடியறதுக்கு முன்னாடியே முழிச்சு, அன்னிக்குச் சொல்ல வேண்டிய மன்னிப்பை ஒருதரம் சொல்லிப் பார்த்துக்குவேன், அவ்வளவுதான்."

டாக்டர் சிரிக்கவில்லை. காலை, மதியம், இரவு என்று அவருடைய எச்சிலை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்த அன்றைக்கு டோகுனாகா என்னைத் துணைக்குக் கூப்பிட்டார். "டாக்டர் திட்டினா நான் பழக்கதோஷத்துல குனிஞ்சிடுவேன். காதுல ஒண்ணும் ஏறாது. நீங்க கேட்டுச் சொல்லுங்க."

டாக்டர் சொன்னதை இன்றுவரை நான் மறக்கவில்லை.

"யாராவது கத்தினா, உங்க உடம்புக்குக் கரடி வந்துட்டதாத்தான் தெரியும். ஹீட்டர், கம்பெனி எல்லாம் அதுக்குத் தெரியாது. சிறுநீரகத்து மேல தொப்பி மாதிரி ரெண்டு சுரப்பி இருக்கு. அதுலேருந்து கார்ட்டிசால்னு ஒரு ஹார்மோன் வரும். 'ஓடு, இல்லேன்னா சண்டை போடு'ன்னு ரத்தத்துல சர்க்கரையைக் கொட்டும். தினம் தினம் இப்படியே நடந்தா, தசையைக் கரைச்சுக்கூட சர்க்கரை பண்ணும். ஆனா நீங்க ஓடவும் இல்ல, அடிக்கவும் இல்ல. மண்டி போட்டீங்க."

"அப்ப அந்தச் சர்க்கரை என்ன ஆகும்?" என்று கேட்டது நான்தான்.

"செலவாகாதது கொழுப்பாத் திரும்பச் சேமிப்புக்குப் போகும். இவருக்கு வயித்துல. இந்த ஹார்மோன் காலைல ஏறி ராத்திரி இறங்கணும். எச்சில்ல பார்த்தா இவருக்கு ராத்திரியும் இறங்கல. அதான் தூக்கமும் இல்ல, தெம்பும் இல்ல. பாதிச் சோறு சாப்பிட்டீங்க பாருங்க, பட்டினியும் உடம்புக்கு இன்னொரு கரடிதான்."

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. நாங்கள் எல்லோரும் கேலி செய்த அந்த வயிற்றுக்குள் இத்தனை காலமும் ஏதோ ஒன்று காவல் இருந்திருக்கிறது! ஒரு நாள் லீவு கிடையாது, ஒரு வார்த்தை நன்றி கிடையாது. தன் ஆளை யாரோ துரத்துகிறார்கள் என்று நம்பி, அவர் தப்பிப் பிழைக்கட்டும் என்று கட்டுச்சோறு கட்டி வைத்துக்கொண்டே இருந்திருக்கிறது. தப்பான கணக்குதான், ஆனால் என்ன விசுவாசம்! நான் சாமி கும்பிடுகிறவள் இல்லை. இருந்தாலும் எங்கள் ஊர்க் கோயில் முன்னால் செய்வதுபோல் இரண்டு முறை கை தட்டி அந்த வயிற்றைக் கும்பிட வேண்டும் போலிருந்தது.

டோகுனாகா குனிந்து தன் வயிற்றைப் பார்த்தார். உள்ளங்கையை அதன்மேல் வைத்துக்கொண்டார். "இவ்வளவு நாளும் எனக்காகவா?" என்றார். கண் கலங்கியிருந்தது.

"கொஞ்ச காலம் யார்கிட்டயும் மன்னிப்புக் கேக்கப் போகாதீங்க" என்றார் டாக்டர். "இப்படியே போனா சர்க்கரை வியாதி வரும், அப்புறம் இதயம். தைரியமாச் சொல்லிடுங்க உங்க ஆபீஸ்ல."

தைரியமாகவா? டோகுனாகாவா? எனக்கு நம்பிக்கையே இல்லை.

டாக்டர் சொன்னதை மறுநாள் காலையிலேயே மேனேஜர் காதில் நான் போட்டுவைத்தேன். அன்றைக்கே சோதனை வந்தது. சரிவின் உச்சியில் ஒரு வீடு. ஓய்வுபெற்ற கப்பல் கேப்டன். அவர் கத்திய கத்தலில் என் காதிலிருந்து போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டேன். மேனேஜர் ஹிராயாமா கஸ்டெலா பெட்டியை டோகுனாகாவின் மேஜையில் வைத்தார்.

"இந்த ஒரு தடவை மட்டும். உங்களை விட்டா இவரை யாரும் அடக்க முடியாது."

டோகுனாகா எழுந்தார். பழக்கதோஷம், இடுப்பு வளைய ஆரம்பித்தது. பாதியில் நின்றார். நிமிர்ந்தார்.

"முடியாதுங்க. நீங்க போயிட்டு வாங்க."

அவ்வளவுதான். முன்னாலும் பின்னாலும் ஒரு "மன்னிக்கணும்" இல்லை.

"நானா?" என்றார் மேனேஜர்.

"கேப்டன் காத்துக்கிட்டிருக்கார் சார்" என்று பெட்டியை அவர் பக்கம் நகர்த்தினேன். இந்தச் சந்தர்ப்பத்தை விடுவேனா நான்?

மதியம் தாண்டித் திரும்பி வந்தார் மேனேஜர். டை கோணலாகத் தொங்கியது. யாரையும் பார்க்காமல் நாற்காலியில் உட்கார்ந்தார். நான் வாயைத் திறக்கப் போனேன், டோகுனாகா கண்ணாலேயே வேண்டாம் என்றார். டீ போட்டு எடுத்துக்கொண்டு அவரே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

மேனேஜர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டிருந்தார். "அந்த ஆளு டீ கூடக் கொடுத்து அனுப்பினார். எல்லாம் முடிஞ்சுபோச்சு. ஆனா உள்ள இன்னும் அடிச்சுக்குது" என்றார். அப்புறம் குழந்தைபோல் கேட்டார், "இது எப்பங்க அடங்கும்?"

"உங்களுக்குச் சாயங்காலத்துக்குள்ள அடங்கிடும்" என்றார் டோகுனாகா. "எனக்குத்தான் இத்தனை வருஷமா அடங்கல. டீ ஆறிடப்போகுது, குடிங்க."