மைக் செட்டுக்கு வந்த இழுப்பு

எங்கள் ஊரில் அவர் குரலைக் கேட்காத காது கிடையாது. ஆனால் அவர் பேசியதாக ஒரு வாக்கியம் சொல்லுங்கள் என்றால் எல்லோரும் முழிப்பார்கள். "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன், டூ, த்ரீ." இருபது வருஷமாக இதுதான் அவருடைய மேடைப் பேச்சு. அதை முடித்ததும் மைக்கைத் துடைத்து, பேசுவதற்கென்றே பிறந்தவர்களிடம் கொடுத்துவிட்டு, ஓரமாகப் போய்த் தன் பெட்டியின் பின்னால் உட்கார்ந்துகொள்வார். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும். ஊருக்கு அவர் மைக்செட்.

நான் நகரசபையில் கூட்டக் குறிப்பு எழுதுகிறவன். யார் என்ன பேசினார்கள் என்று எழுதுவது என் வேலை. யாரும் ஒன்றும் பேசாத கூட்டத்துக்கும் ஆறு பக்கம் எழுதியிருக்கிறேன், அந்தத் திறமையில் என்னை மிஞ்ச ஆளில்லை. அவர் சத்தத்தைப் பெரிதாக்குவார், நான் அதைச் சின்னதாக்குவேன். ஒரே மண்டபத்தில் இரண்டு பேருக்கும் பிழைப்பு.

மைக்செட்டின் மகளுக்கு இழுப்பு. மூன்று வயதில் பிடித்தது, ஒன்பது வயதாகியும் விடவில்லை. வீடு பேருந்துப் பணிமனைக்கு எதிரே. புகையும் தூசியும் வாடகை கொடுக்காமல் குடியிருக்கிற தெரு அது. வாயில் வைத்து அடிக்கிற மருந்துப் பம்பு இரண்டு டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். ஒன்று மூச்சு முட்டும்போது அடிப்பதற்கு. மற்றது முட்டாமல் இருப்பதற்கு, தினமும் காலையும் மாலையும். இந்த இரண்டாவதுதான் விலை அதிகம்.

நகரசபையில் குழந்தைகள் நல நிதி என்று ஒன்று உண்டு. பிள்ளை ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்துவிட்டால் கட்டில், ஆக்சிஜன், ஊசி, பால், ரொட்டி எல்லாம் அந்த நிதியில் இலவசம். படுக்காமல் இருப்பதற்கான மருந்து மட்டும் அதில் கிடையாது. 'வெள்ளம் வருமுன் அணை போடு' என்று ஆஸ்பத்திரிச் சுவரில் ஆள் உயரத்துக்கு எழுதி வைத்திருப்பதும் இதே நகரசபைதான்.

அவரும் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிற அவர் மனைவியும் ஒரு மாதப் பம்பை இரண்டு மாதம் ஓட்டினார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் மருந்து. இழுப்புக்கு அந்தச் சிக்கனம் புரியவில்லை. வருஷத்துக்கு நாலு தடவை பிள்ளையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், நகரசபையும் சளைக்காமல் நாலு தடவை செலவழித்தது.

அந்த வட்டாரத்தில் இதே கதியில் பதினோரு பிள்ளைகள் இருப்பதாக கிளினிக் நர்சம்மா ஒரு பட்டியல் வைத்திருந்தார். மைக்செட் தன் மகளுக்கு மட்டும் கேட்டிருந்தால் எந்தப் புண்ணியவானாவது வாங்கிக் கொடுத்துப் போட்டோவும் எடுத்துக்கொண்டிருப்பார். மனுஷன் பதினோரு பேருக்கும் சேர்த்து, அதுவும் நிதியிலிருந்து கேட்டார். நாலு வருஷம் மனு போட்டார். 'தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது' என்று நாலு வருஷமும் பதில் அடித்தவன் நான்தான்.

மகளை நன்றாக இருக்கும்போது அழைத்து வந்தால், எங்கள் நகரசபைத் தலைவர் அம்மா கன்னத்தைத் தட்டி, "பாப்பா நல்லாத்தானே இருக்கா, எதுக்கு மருந்து?" என்பார். முடியாதபோது அழைத்து வந்தால், "ஐயையோ, இப்படி இழுக்குதே! ஆஸ்பத்திரிக்குப் போகாம இங்க எதுக்குத் தூக்கிட்டு வந்தீங்க?" என்பார். இரண்டும் நியாயமான கேள்விதான். அதுதான் எனக்கு எரிச்சல்.

பட்ஜெட் கூட்டத்தன்று மதியம் பள்ளிக்கூடத்தில் இருந்து மகளை அனுப்பிவிட்டார்கள். லேசாக இழுக்கிறது, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சீட்டு. வீட்டில் யார் இருக்கிறார்கள்? வேலையை விட்டு வர முடியாத அம்மா, மைக்கை விட்டு வர முடியாத அப்பா. அவள் மண்டபத்துக்கு வந்து, அப்பாவின் பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். யாருடைய மைக்காவது காலை வாரினால் உடனே கொடுப்பதற்காக, ஒரு மைக்கை எப்போதும் உயிரோடு பக்கத்தில் வைத்திருப்பது அவர் பழக்கம். அது அவள் முகத்துக்கு நேராக இருந்தது.

நல நிதியில் மிச்சமிருக்கும் பணத்தை என்ன செய்யலாம் என்ற விவாதம் ஓடிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரிச் சுவர் வாசகத்துக்குப் புதுப் பெயின்ட் அடிக்கலாம் என்று ஒரு உறுப்பினர் சொல்லிக்கொண்டிருந்தபோது, எட்டு ஸ்பீக்கரிலும் அந்தச் சத்தம் வந்தது. துரு ஏறிய கதவை யாரோ மெதுவாகத் திறந்து, திறந்து, மூடுவதுபோல.

"என்னப்பா மைக்செட், என்ன சத்தம் அது?" என்றார் தலைவர் அம்மா.

"ஸ்பீக்கர் கிழிஞ்சிருக்கும்மா. பழைய சாமான்," என்றார் உறுப்பினர்.

மைக்செட் அதற்குள் பம்பை அதன் குழலில் மாட்டி மகளின் வாயில் வைத்து அடித்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமல் சொன்னார். "ஸ்பீக்கர் நல்லா இருக்குங்க. அது எம் பொண்ணு மூச்சு."

அடுத்த சில நிமிஷம் நாங்கள் முப்பது பேரும் ஒரு பிள்ளை மூச்சுக்குப் போராடுவதை எட்டுப் பக்கமிருந்தும் கேட்டோம். குமிழைத் திருகிச் சத்தத்தைக் குறைக்க ஒரு விரல் போதும். ஏன் குறைக்கவில்லை என்று பிற்பாடு அவரிடம் கேட்டேன், மைக்கைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். நானும் பேனாவை மூடாமல் உட்கார்ந்திருந்தேன்.

"வெளியாட்கள் கூட்டத்துல பேசக் கூடாதுன்னு விதி இருக்கு," என்று யாரோ மெதுவாகச் சொன்னார்.

"நான் பேசலீங்க. அவளும் பேசல," என்றார் மைக்செட்.

மூச்சு சீரானது. தலைவர் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஏதாவது செய்யணும், கண்டிப்பா செய்யணும்," என்றார். தேநீர் இடைவேளை விட்டார்கள். திரும்பி வந்து, பெயின்ட் தீர்மானத்தை ஒருமனதாக நிறைவேற்றினார்கள்.

குறிப்பு எழுத வேண்டிய முறை எனக்கு வந்தது. கூட்டம் தடைபட்டால் காரணம் எழுத வேண்டும். வெளியாள் சொன்னதை ஏற்றக் கூடாது. 'ஒலிபெருக்கிக் கோளாறால் கூட்டம் சிறிது நேரம் தடைபட்டது' என்று எழுதினேன். இது தந்திரம் இல்லை, வெறும் பயம். காரணம் கருவிக் கோளாறு என்றால் அதைச் சரிசெய்யும் உத்தரவு கேட்காமலே பின்னால் வந்துவிடும் என்பது எழுதி முடித்த பிறகுதான் ஞாபகம் வந்தது. நாலு வருஷம் மனுவில் விழாத தலைவர் அம்மாவின் கையெழுத்து, பழுதுபார்க்கும் உத்தரவில் பத்தே நாளில் விழுந்தது.

உத்தரவை எடுத்துக்கொண்டு மைக்செட் என் மேஜைக்கு வந்தார்.

"அண்ணே, ஸ்பீக்கர்ல ஒரு கோளாறும் இல்லியே."

"தெரியும்."

"அப்ப எதைச் சரி பண்றது?"

"அன்னிக்கு எது சத்தம் போட்டுச்சோ, அதை."

உத்தரவை என் மேஜையில் திருப்பி வைத்தார். "நேரா கேட்டேன் அண்ணே. நேரா குடுத்திருந்தா தலை நிமிர்ந்து வாங்கியிருப்பேன். இப்ப திருடன் மாதிரி வாங்கச் சொல்றீங்க." பிறகு அவரே அதை மறுபடி கையில் எடுத்துக்கொண்டு கேட்டார். "கோளாறு பதினோரு இடத்துலன்னு எழுதிக்கலாமா?"

"எண்ணிக்கையை நீங்கதான் சொல்லணும்," என்றேன்.

மருந்துக்கடை பில்லை அப்படியே கொண்டுவந்து வைத்தார். பொய் பில் போட மாட்டாராம். தணிக்கைக்காரர் ஓரத்தில் கேள்விக்குறி போட்டார். 'ஒலிச் சீரமைப்பு' என்று நான் பதில் எழுதினேன். அடுத்த வருஷம் அதுவே 'ஆண்டுப் பராமரிப்பு' ஆனது. மூன்று வருஷம் பதினோரு பிள்ளைகளும் நகரசபை மைக் செட்டின் உதிரி பாகங்களாக மூச்சுவிட்டார்கள். ஒருவர்கூட ஆஸ்பத்திரியில் படுக்கவில்லை. மண்டபத்தில் இப்போதெல்லாம் சத்தம் எவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்று உறுப்பினர்கள் மெச்சிக்கொண்டார்கள்.

நல்லதுக்குக் காலமில்லை. மூன்றாம் வருஷக் கடைசியில், மண்டபத்துக்குப் புதிய டிஜிட்டல் ஒலியமைப்பு வாங்க முடிவெடுத்தார்கள். பழைய பராமரிப்புச் செலவு ரத்து. பம்பு தீர இருபது நாள்தான் இருந்தது. மைக்செட் மறுபடியும் மனு எழுதினார். பழைய மனுவே, தேதி மட்டும் புதிது. அதற்கு என்ன பதில் அடிக்க வேண்டும் என்று மேலிருந்து எனக்குத் துண்டுச் சீட்டு வந்தது: 'கடந்த மூன்று ஆண்டுகளில் அவ்வட்டாரத்தில் இழுப்பு நோயால் ஒரு குழந்தைகூட மருத்துவமனையில் சேர்க்கப்படாததால், இம்மருந்துக்கான நிதி தேவையற்றதாகிறது.'

தட்டச்சு இயந்திரத்தில் காகிதத்தைச் சொருகிவிட்டு உட்கார்ந்திருந்தேன். என் பொய் நன்றாக வேலை செய்த அழகு, இப்போது அந்தப் பிள்ளைகளின் கழுத்தைப் பிடிக்கிறது. எனக்குக் கோபம் வந்தது. முதல் கோபம் என் மேல்தான். காகிதத்தை உருவிப் போட்டுவிட்டு, மூன்று வருஷ பில்லையும் நர்சம்மாவின் பட்டியலையும் சேர்த்துக் கட்டி எடுத்துக்கொண்டு, தலைவர் அம்மாவின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் பில்களைப் புரட்டினார். "பதினோரு பிள்ளைக்கும் சேர்த்தே இவ்வளவுதானா? சுவர் பெயின்ட்டே இதைவிட ஜாஸ்தி ஆச்சே." பிறகுதான் விஷயம் உறைத்தது. "யாரு இதுக்கு அனுமதி குடுத்தது?"

"நீங்கதாம்மா. மூணு வருஷமும் உங்க கையெழுத்து இருக்கு."

கையெழுத்தை அவர் கண்ணாடி போட்டும் பார்த்தார், கழற்றியும் பார்த்தார். மறுக்க வழியில்லாத கையெழுத்து. அப்படியானால் அது தவறாக இருக்க முடியாது, தொலைநோக்காகத்தான் இருக்க வேண்டும். ஒரே வாரத்தில் 'தலைவரின் மூச்சுத் திட்டம்' நிறைவேறியது. நல நிதியிலிருந்து, ஊரில் இழுப்புள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும், தினசரி மருந்து. அதே கூட்டத்தில், அரசுக் குறிப்பில் பொய் எழுதியதற்காக என்னைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்து இன்னொரு தீர்மானமும் நிறைவேறியது. இரண்டுமே சரியான தீர்மானங்கள். இருபத்திரண்டு வருஷ அனுபவத்தில் சொல்கிறேன், அந்தச் சபை ஒரே நாளில் இரண்டு சரியான தீர்மானம் போட்டது அன்றுதான்.

எனக்கு வேலையைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி மைக்செட் இப்போது மனு போட்டுக்கொண்டிருக்கிறார். வாராவாரம் திங்கள்கிழமை, பள்ளிக்கூடம் விட்டதும் மகளையும் கூட்டிக்கொண்டு போகிறார். வேண்டாம் என்றால் கேட்பதில்லை. நகரசபையின் புது அலுவலகம் நாலாவது மாடியில், லிஃப்ட் கிடையாது. நேற்று வந்து குறைபட்டுக்கொண்டார். அவர் இரண்டாவது மாடியில் கைப்பிடியைப் பிடித்து நின்று மூச்சு வாங்கும்போது, மகள் நாலாவது மாடிக்கு ஓடிப்போய் நின்று, "அப்பா, என்ன பண்றீங்க இன்னும்?" என்று கீழே பார்த்துக் கத்துகிறாளாம். கட்டடம் முழுக்கக் கேட்கிறதாம்.