அத்தான் திறந்த பெட்டி

எங்கள் குடும்பத்தில் கம்ப்யூட்டர் தெரிந்தவர் என்று பெயர் எடுத்தவர் அக்காவின் கணவர். அந்தப் பெயரை அவருக்கு யார் கொடுத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. கொழும்புக் கோட்டையில் ஒரு காப்புறுதிக் கம்பனியில் அவர் வேலை பார்த்த காலத்தில், கம்ப்யூட்டர்கள் வைத்திருந்த குளிரூட்டிய அறையைப் பூட்டுகிற திறப்பு அவர் மேசையில் இருந்தது. எனக்குத் தெரிந்தவரையில் அவருடைய தகுதி அந்தத் திறப்புத்தான். ஓய்வு பெற்று வத்தளை வீட்டில் இருக்கத் தொடங்கிய பிறகும், உறவினர் வீடுகளில் எந்தப் பெட்டி எழும்பாவிட்டாலும் அவருக்குத்தான் தொலைபேசி போகும். அவர் போவார், திறப்பார், பெருமூச்சு விடுவார், சாப்பிடுவார், வருவார். அவர் போய் வந்த வீடுகளில் பெரும்பாலும் அடுத்த மாதம் புதுக் கம்ப்யூட்டர் வாங்கினார்கள். அதையும் அவருடைய நல்ல ஆலோசனை என்றே சொல்லிக்கொண்டார்கள்.

நான் வெள்ளவத்தையில், கடல் பக்கம் பார்த்த ஒரு ஃபிளாட்டில் தனியாக இருக்கிறேன். பிறப்புச் சான்றிதழ், விவாகப் பதிவு, காணி உறுதிப் பத்திரம் என்று சிங்களத்தில் இருப்பவற்றைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் மொழிபெயர்த்துக் கையெழுத்து வைத்துக் கொடுப்பது என் தொழில். பெரிய திரையில் மூலத்தையும் மொழிபெயர்ப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஆகவே மேசைக் கம்ப்யூட்டர்தான் வைத்திருக்கிறேன். லப்டொப் வாங்கச் சொல்லி எனக்குப் புத்தி சொன்னவர்களில் ஒருவராவது ஒரு காணி உறுதியை முழுவதுமாக வாசித்திருப்பார் என்று நான் நினைக்கவில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை அது எழும்பவில்லை. பொத்தானை அழுத்தினால் விசிறிகள் சுற்றின, முன்னால் விளக்கு எரிந்தது, திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது. பெட்டிக்குள்ளிருந்து நீளமாக ஒரு பீப் சத்தம் வந்தது. சற்று விட்டு இன்னொன்று. அப்படியே விடாமல் வந்துகொண்டிருந்தது.

கம்ப்யூட்டரோடு வந்த சிறு புத்தகத்தை அலுமாரியில் பத்திரமாக வைத்திருந்தேன். உள்ளே இருக்கும் பெரிய பலகையை, அதாவது மதர்போட்டை, விளக்கும் புத்தகம் அது. எந்தச் சத்தத்துக்கு என்ன அர்த்தம் என்று கடைசிப் பக்கங்களில் இருந்தது. நீளமான பீப் திரும்பத் திரும்ப வந்தால், மெமரி அகப்படவில்லை என்று அர்த்தம். இவ்வளவுதான் விஷயம். மெமரிப் பட்டிகளைக் கழற்றித் துடைத்துத் திரும்பப் போட்டுப் பார்க்க வேண்டும். உப்புக் காற்று வீசும் வீடு இது. கதவுப் பிணைச்சல் முதல் கரண்டி வரை எல்லாமே பழுதாகிற இடத்தில் இது மட்டும் தப்புமா?

மின்சாரத்தை நிறுத்திவிட்டு ஸ்குறூ டிறைவரைத் தேடிக்கொண்டிருந்தபோது அக்கா தொலைபேசியில் வந்தாள். விஷயத்தைச் சொன்னது என் மடத்தனம்.

"நீ ஒண்டிலையும் கை வைக்காதை. இவர் வெளிக்கிடுறார்."

"வேண்டாம் அக்கா, சின்ன வேலை. நானே பாப்பன்."

"ஏன், அத்தான் வந்தா உனக்கு என்ன குறைஞ்சிடும்?"

வேண்டாம் என்றால் அது அக்காவுக்கே அவமதிப்பு. நான் மீன் வாங்கப் போனேன்.

அத்தான் மத்தியானத்துக்கு முன்னரே வந்துவிட்டார். இஸ்திரி போட்ட சேர்ட், கையில் தோல் பை. பைக்குள் ஒரு ஸ்குறூ டிறைவர் செட்டும், பெயின்ற் அடிக்கிற தூரிகை ஒன்றும், ஒரு துவாயும் இருந்தன. பொத்தானை அழுத்தினார். பீப் வந்தது. தலையை ஒரு பக்கம் சரித்து, சங்கீதக் கச்சேரி கேட்பவர் மாதிரிக் கண்ணை மூடிக் கேட்டார்.

"பவர் சப்ளை," என்றார்.

"இல்லை அத்தான், மெமரி எண்டு இந்தப் புத்தகத்திலை போட்டிருக்கு. இஞ்சை பாருங்கோ."

அவர் புத்தகத்தை வாங்கி, திறக்காமலே மேசையில் வைத்தார். "உதெல்லாம் கொம்பனிக்காரர் சும்மா எழுதிறது பிள்ளை. அனுபவம் எண்டு ஒண்டு இருக்கு."

பிறகு அந்த அனுபவத்தை நான் நின்று பார்த்தேன். பவர் சப்ளையைக் கழற்றினார், குலுக்கினார், மணந்து பார்த்தார், திரும்பப் பூட்டினார். பீப் வந்தது. உள்ளே தூசி, அதுதான் காரணம் என்றார். தூரிகையால் தட்டத் தொடங்கியவர், பலகைக்குப் பின்னாலும் தூசி இருக்கும் என்று சொல்லி மதர்போட்டையே முழுவதுமாகக் கழற்றி எடுத்தார். திருகாணிகளை எண்ணவுமில்லை, ஒரு கிண்ணத்தில் போடவுமில்லை. சில துவாயில் கிடந்தன, சில நிலத்தில், சில அவர் சேர்ட் பையில்.

"மெமரியை மட்டும் ஒருக்காக் கழட்டிப் பாருங்கோவன்," என்றேன்.

"நீர் போய்ச் சோத்தைப் போடும்," என்றார்.

முப்பது வருடமாக மற்றவர்களின் பத்திரங்களை எழுத்தெழுத்தாக வாசித்துப் பிழைக்கிற ஒருத்தியிடம், ஒரு பக்கத்தைக்கூட வாசிக்கப் பொறுமையில்லாத ஒருவர் அதைச் சொன்னார். நான் போய்ச் சோற்றைப் போட்டேன். பாரை மீன் குழம்பை இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, கை கழுவி வந்து எல்லாவற்றையும் திரும்பப் பூட்டினார். இந்த முறை பொத்தானை அழுத்தியபோது விசிறி ஒரு தரம் துடித்து நின்றது. அவ்வளவுதான். பீப்கூட இல்லை.

அத்தான் முகத்தில் கவலை வரவில்லை. ஒரு நிறைவு வந்தது.

"பாத்தீரோ? நான் வரேக்கையே நினைச்சனான். போட் செத்துப்போச்சு. இனி உதோட மினக்கெடாமல் புதுசு ஒண்டு எடும்."

"வரேக்கை பவர் சப்ளை எண்டெல்லோ சொன்னனீங்கள்?"

"அது போய்த்தான் இதையும் கொண்டு போனது," என்றார், ஒரு வினாடி யோசிக்காமல். தோல் பையை எடுத்துக்கொண்டு நூறாம் இலக்க பஸ்ஸில் கோட்டைக்குப் போவதா, ரெயிலில் போவதா என்று என்னிடமே கேட்டார். ரெயில் என்றேன். சீக்கிரம் போவார் என்பதற்காக.

அடுத்த நாள் பெட்டியை ஒரு திரீவீலில் ஏற்றிக் பெரிய தெருவான காலி வீதியில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்குக் கொண்டு போனேன். கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த ஒரு பெண்ணின் விவாகப் பத்திரம் பாதியில் நின்றது. வெள்ளிக்கிழமை அவளுக்குத் தூதரகத்தில் நேர்முகம். கணவன் வெளிநாட்டில், இவளும் பிள்ளையும் இங்கே. நாளுக்கு நாலு தரம் எனக்கு எடுத்து, கோபிக்காதேங்கோ அன்ரி என்று தொடங்கிப் பேசினாள். அவளுக்காகத்தான் கடைக்குப் போனேன். இல்லாவிட்டால் அந்த வாசலை மிதித்திருக்க மாட்டேன்.

கடையில் கழுத்தில் அடையாள அட்டை தொங்கவிட்ட ஒருவர் பெட்டியை மேசையில் வைத்து, வயரைக் கொழுவி, ஒரு தரம் அழுத்தினார். விசிறி துடித்து நின்றது. மூடியைத் திறக்கக்கூட இல்லை.

"போட் எக இவரயி, அக்கே," என்றார். பலகை முடிந்துவிட்டது என்று தீர்ப்பு.

திறந்து பார்க்காமல் எப்படித் தெரியும் என்று சிங்களத்தில் கேட்டேன். அவர் என்னைப் பார்க்காமல், பின்னால் அடுக்கியிருந்த புதுப் பெட்டிகளைப் பார்த்துச் சிரித்தார். இந்த மொடலுக்கு இப்போது பாகங்கள் வருவதில்லை, பழசைத் தந்துவிட்டுப் போனால் கழித்துக் கொடுக்கலாம் என்றார். அத்தானாவது திறந்து பார்த்துவிட்டுத்தான் பிழையாகச் சொன்னார். இந்த மனிதருக்குப் பிழை விடுவதற்கான உழைப்புக்கூடத் தேவைப்படவில்லை. பெட்டியைத் திரும்பத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேசையில் பழைய பேப்பர் விரித்தேன். புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து வாசித்தேன். ஒரு பத்திரத்தை வாசிப்பது போலத்தான், ஒரு வரி விடாமல். எழும்பாத கம்ப்யூட்டரை எப்படிப் பார்க்க வேண்டும் என்று அதில் தெளிவாகவே இருந்தது. தேவையில்லாத எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். மிகக் குறைந்த பாகங்களோடு ஓட்டிப் பார்க்க வேண்டும். பிறகு ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றக் கூடாது. இதில் மேதாவித்தனம் எதுவும் இல்லை. பொறுமைதான் வேண்டும்.

ஹார்ட் டிஸ்க்கை முதலில் கழற்றிப் பத்திரமாக வைத்தேன். வயர்கள் எது எங்கே இருந்தது என்று தொலைபேசியில் படம் எடுத்துக்கொண்டே கழற்றினேன். மதர்போட்டின் திருகாணிகளை அகற்றி அதை மெல்லத் தூக்கியபோது, கீழே தகரத்தில் ஏதோ உருண்டது. ஒரு திருகாணி. பலகையின் அடிப்பக்கத்துக்கும் பெட்டியின் தகரத்துக்கும் நடுவில் அது சிக்கிக் கிடந்திருக்கிறது. மின்சாரம் உள்ளே வந்தவுடன் அதன் வழியே தகரத்துக்குப் பாய, பவர் சப்ளை தன்னைக் காப்பாற்றிக்கொள்ள உடனே நின்றுவிட்டிருக்கிறது. செத்துப்போன பலகை என்று இரண்டு நிபுணர்கள் சொன்னது இதைத்தான்.

பலகையைக் கடதாசி மட்டையில் வைத்து, பவர் சப்ளையை மட்டும் கொழுவினேன். பொத்தானின் வயர் வருகிற இரண்டு ஊசிகளை ஸ்குறூ டிறைவர் நுனியால் ஒரு கணம் தொட்டேன். விசிறி சுற்றியது. நிற்கவில்லை. பிறகு அந்த நீளமான பீப்.

அந்தச் சத்தத்தைக் கேட்டு நான் அவ்வளவு சந்தோஷப்படுவேன் என்று யாராவது முதல் நாள் சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

இரண்டு மெமரிப் பட்டிகளையும் கழற்றினேன். பொன்னிறமாக இருக்க வேண்டிய பற்கள் மங்கிப் பிசுபிசுத்துக் கிடந்தன. பென்சில் அழிக்கிற றப்பரால் மெல்லத் தேய்த்து, சேர்ஜிக்கல் ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்துக் காயவிட்டேன். ஒன்றை மட்டும் போட்டு, இரண்டு பக்கமும் கிளிக் என்று பூட்டும்வரை அழுத்தினேன். திரையைக் கொழுவி, அந்த ஊசிகளைத் திரும்பத் தொட்டேன். ஒரே ஒரு சின்ன பீப், பிறகு எழுத்துக்கள் வந்தன. இரண்டாவதையும் போட்டேன். அதுவும் சரி. விளக்கு வைக்கிற நேரத்துக்குள் பெட்டி மூடி, மேசைக்குக் கீழே தன் இடத்துக்குப் போய்விட்டது. கொட்டாஞ்சேனைப் பெண் வியாழக்கிழமை வந்து பத்திரத்தை வாங்கிக்கொண்டு போனாள். பெட்டியைப் பற்றி அவளிடம் எதுவும் சொல்லவில்லை.

அக்காவிடம் சொன்னேன்.

"பாத்தியா," என்றாள். "இவர் வந்து தூசி தட்டினபடியாத்தானே!"

அடுத்த மாதம் உறவினர் ஒருவரின் புதுவீட்டுக் குடிபூரலில் எல்லோரும் சந்தித்தோம். வாழையிலைக்கு முன்னால் உட்கார்ந்து அத்தான் கதை சொல்லிக்கொண்டிருந்தார். செத்த போட், கடைக்காரனே கைவிட்டது, தான் தொட்டு எடுத்துவிட்டதுக்குப் பிறகு மெல்ல மெல்லச் சரி வந்தது. கேட்டவர்கள் தலையாட்டினார்கள். நான் பாயசக் கிண்ணத்தோடு பக்கத்தில் போய் நின்றேன்.

"அத்தான், ஒரு ஸ்குறூவை போட்டுக்குக் கீழை விட்டிட்டுப் போனீங்கள். அதாலைதான் நிண்டது."

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் அப்பளத்தை நொறுக்கினார்.

"அது ஏர்த்துக்குப் போட்டது," என்றார். "கரண்ட் லீக் ஆகாமல் இருக்க. நீர் அதைக் கழட்டிப் போட்டீரோ? கவனம்."

தலையாட்டியவர்கள் திரும்பவும் தலையாட்டினார்கள். ஒருவர் என்னைப் பார்த்துக் கவலையோடு, "அதைத் திரும்பப் போட்டு விடும் பிள்ளை," என்றுகூடச் சொன்னார். அறியாமையை நான் மன்னிப்பேன். எனக்கே தெரியாதவை ஆயிரம். ஆனால் தன் கையால் கெடுத்ததைக் கண்ணெதிரே கொண்டுவந்து வைத்தாலும், அதற்கும் ஒரு பெயர் வைத்துத் தன் கணக்கில் சேர்த்துக்கொள்கிற மனிதரை என்ன செய்வது? பாயசத்தைக் குடித்தேன். சீனி கூடிப்போயிருந்தது.

மழை தொடங்கின பிறகு ஒரு நாள் அக்கா வத்தளைக்கு வரச்சொல்லிக் கூப்பிட்டாள். காரணம் சொல்லவில்லை. போனால், அத்தானின் கம்ப்யூட்டர் மேசையில் துணி போர்த்தி வைக்கப்பட்டிருந்தது. பல நாளாக எழும்பவில்லையாம். யாருக்கும் சொல்லவில்லையாம். அத்தான் பேப்பருக்குப் பின்னால் இருந்தார்.

"சும்மா ஒருக்காப் பாரும். நான் பிஸியா இருந்திட்டன்," என்றது பேப்பர்.

அழுத்தினேன். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் மூன்று வரிகள் வந்து நின்றன. நேரமும் திகதியும் பிழை, பற்றரியைப் பாருங்கள், தொடர்வதற்கு இந்தப் பொத்தானை அழுத்துங்கள் என்று ஆங்கிலத்தில் இருந்தது. பொத்தானை அழுத்தினேன். கம்ப்யூட்டர் எழும்பியது.

மூன்று வரி. அத்தனை நாளும் தினம் அழுத்தி, பார்த்து, நிறுத்தியிருக்கிறார். வாசிக்கவில்லை.

உள்ளே ஒரு காசளவு பற்றரி இருக்கும், அது முடிந்திருக்கிறது, மணிக்கூட்டுக் கடையிலேயே வாங்கலாம் என்று சொன்னேன். பேப்பர் மெல்ல இறங்கியது.

"பற்றரி எண்டுதான் நானும் நினைச்சனான்," என்றார்.

நான் குசினிக்குப் போனேன். அக்கா தேங்காய் திருவிக்கொண்டிருந்தாள். என்னவாம் என்று கேட்டாள். சொன்னேன். திருவலை நிறுத்தாமலே, "வேற ஆரிட்டையும் கதைச்சிடாதை," என்றாள்.

"உனக்குத் தெரியுமா அக்கா, அவருக்கு ஒண்டும் தெரியாதெண்டு?"

"கலியாணம் கட்டின வருஷமே தெரியும்."

"பிறகு ஏன் வீடு வீடா அனுப்புறாய்?"

அக்கா பாதித் தேங்காயைத் திருப்பிப் பிடித்துப் பார்த்தாள், இன்னும் மிச்சம் இருக்கிறதா என்று. "இல்லாட்டி நாள் முழுக்க இஞ்சையெல்லே இருப்பார்," என்றாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எத்தனை வீட்டுப் பெட்டிகள், எத்தனை பேரின் முழுநாள் என்று நினைத்தேன். அவரை இகழ்ந்தது போதாது, இவளையும் சேர்த்திருக்க வேண்டும் என்று தோன்றியது. அக்காவாக இருந்தபடியால் திருவின தேங்காய்ப்பூவை எடுத்துப் பிழிந்து கொடுத்தேன். முன்னறையில் அத்தான் யாருக்கோ தொலைபேசியில், உங்கடை பெட்டியிலையும் பற்றரியாத்தான் இருக்கும், நான் வந்து பாக்கிறன் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.