பந்து யார் கையிலும் தங்காத திடல்

சிரம்பான் பக்கம் ராசாவில் மகளின் கூடைப்பந்துப் பயிற்சியை உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, உறைந்த ரப்பர்ப் பாலான கட்டிப்பால் ஏற்றிய லோரி ஒன்று சாலையில் போனது. அந்தப் புளித்த நாற்றம் மூக்கில் ஏறியதுமே எனக்குப் பழைய திடல் நினைவுக்கு வந்துவிட்டது.

எங்கள் ரப்பர் தோட்டத்தில் பால் நிறுக்கும் ஸ்டோருக்குப் பின்னால்தான் அந்தக் கூடைப்பந்துத் திடல் இருந்தது. இப்போது அங்கே வரிசை வீடுகள். குழுவில் ஆடிய பெரிய அக்காமார் குடும்பத்தோடு சிரம்பானுக்குக் குடிபோய்விட, எங்களைப் போன்ற பொடிசுகளை வைத்துக் குழுவை மறுபடி கட்ட வந்தவர் கோச் சார். அடித்ததே இல்லை. விசில் எப்போதும் வாயிலேயே இருக்கும். அதற்குள் எச்சில் கரகரப்பது கேட்டாலே நாங்கள் அப்படியே நின்றுவிடுவோம். ஒருத்தி கூடையைத் தவறவிட்டால் ஊதுவார். அவள் நடுவில் நிற்க, மற்றவர்கள் அவளை முறைத்துக்கொண்டே ரப்பர் மரங்கள்வரை மூச்சிரைக்க ஓடித் திரும்புவோம்.

"நல்லா பாரு லா, உன்னாலதான் ஓடுறாங்க," என்பார் மெதுவாக.

ஓடுவதைவிட நிற்பதுதான் பயம். அதனால் கூடைக்கு அடியிலேயே நின்றாலும் எறிய மாட்டோம். பந்து வந்ததும் அடுத்தவளிடம் தள்ளிவிடுவோம், அவள் இன்னொருத்தியிடம் தள்ளுவாள். பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் பார்த்துவிட்டு, "என்னா ஒத்துமை!" என்று கைதட்டினார்கள்.

ராசாவில் விசில் ஒலித்தது. தண்ணீர் குடிக்கத்தான் ஊதியிருந்தார்கள். அப்போதுதான் கூடையைத் தவறவிட்டிருந்த மகள், சிரித்துக்கொண்டே என்னிடம் ஓடிவந்தாள்.

"ஏம்மா நிக்கிறீங்க? உக்காருங்க."