டிக்கெட்டில் இருந்த போன் நம்பர்

கோரிப்பாளையம் தர்காவுக்குப் பக்கத்தில், ஜெராக்ஸ் கடை மாடியில் இருந்தது ஹம்சவேணியின் டிராவல்ஸ். கணவர் மாரடைப்பில் போனபோது, நெசவும் ஜவுளி வியாபாரமுமாக இருந்த சௌராஷ்டிரச் சொந்தங்கள் வந்து அழுதுவிட்டுப் போயின. அழுகை அடங்கியதும் அவள் கணவரின் நாற்காலியில் உட்கார்ந்து டிக்கெட் போட ஆரம்பித்தாள். அந்த டிக்கெட்டுகளில்தான் மகன் கார்த்திகேஷ் வளர்ந்தான், என்ஜினீயரானான்.

அவளுக்கு ஒரு வழக்கம். டிக்கெட்டில் பயணியின் போன் நம்பர் கேட்கும் இடத்தில் தன் நம்பரைப் போடுவாள். வாடிக்கையாளர் கைநழுவி விடக்கூடாது என்று மற்ற ஏஜென்ட்டுகளும் அப்படித்தான் செய்வார்கள். இவள் காரணம் வேறு. விமான நேரம் மாறினால் இங்கிலீஷில் ஒரு மெசேஜ் வரும். வளைகுடாவுக்குக் கம்பி கட்டப் போகிறவர்கள் அதைக் கவனிக்காமல் விட்டுவிட்டால்? அதனால் தகவல் தனக்கு வரட்டும் என்று வைத்துக்கொண்டு, ஒவ்வொருவரையும் தானே கூப்பிட்டுச் சொல்வாள். அவள் குரலைக் கேட்ட பிறகுதான் பெட்டியைக் கட்டும் குடும்பங்கள் இருந்தன.

பிறகு எல்லார் கையிலும் போன் வந்தது. அவளிடம் விலை கேட்டுவிட்டு, "நேரடியாப் போட்டா கொறச்சலாக் காட்டுதேக்கா" என்று அவள் எதிரிலேயே போட்டுக்கொண்டார்கள். கார்த்திகேஷே தன் தேனிலவு டிக்கெட்டைப் போனில்தான் போட்டான். "உங்ககிட்ட சொன்னா நாலு எடத்துல கேட்டு நாளைக்குச் சொல்வீங்க" என்றான். பெற்ற பிள்ளையே சொன்ன பிறகு யாருக்காகத் திறந்து வைப்பது? மறுவாரம் கடையைக் காலி செய்தாள்.

ஆனாலும் எழுமலை ஊர்க்காரன் அழகுபாண்டி அவளைத் தேடி வீட்டுக்கே வந்தான். அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை என்று துபாயிலிருந்து வந்தவன். அப்பா இறந்துவிட்டார்.

"வியாழக்கெழம அய்யாவுக்குப் பதினாறாம் நாள் காரியம்க்கா. வெள்ளிக்கெழம நான் அங்கன நிக்கணும். கம்பெனியில ரெண்டு தடவ தள்ளிக் குடுத்துட்டாங்க. இனி வரலேன்னா விசா ரத்துதேன்."

"நான்தான் கடைய மூடிட்டேனே தம்பி. ஒன் போன்லயே போடு, சல்லிசாக் கெடைக்கும்."

"இம்புட்டு வருசமா நீங்கதேன் போட்டீங்க. நானா எதையாச்சும் தப்பா அமுக்கிட்டேன்னா? நீங்க போட்டீங்கன்னா நிம்மதியா இருப்பேன்க்கா."

அந்த ஒரு வார்த்தைக்காக அவள் நெஞ்சு எத்தனை நாள் ஏங்கியிருந்தது! கண்ணைத் துடைத்துக்கொண்டு, விமான கம்பெனியின் தளத்தில் நேராகவே போட்டாள். போன் நம்பர் கேட்ட இடத்தில் விரல்கள் பழக்கப்படி அவள் நம்பரையே அடித்தன.

அந்த வாரம் சென்னையிலிருந்து வந்த கார்த்திகேஷ் அம்மாவுக்குப் புதுப் போன் வாங்கிக் கொடுத்தான். பழையதிலிருந்து எல்லாவற்றையும் மாற்றும்போது, ஓயாமல் மணியடிக்கும் விமான கம்பெனி மெசேஜ்களை ஒன்றுவிடாமல் பிளாக் செய்தான். கடைதான் இல்லையே, எதற்கு இந்தத் தொல்லை என்று நினைத்தான். அம்மாவிடம் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை பிற்பகல் அவள் போன் அடித்தது.

"அக்கா, பிளைட்டு காலையிலயே போயிருச்சுங்கிறாங்க."

"இல்ல தம்பி, சாயங்காலம்தான். நல்லாப் பாரு."

"நேரத்த மாத்திப்புட்டாகளாம். புதன்கெழமையே மெசேஜ் விட்டாகளாம். ஒங்களுக்கு வரலியா?"

மாமியாரோடு தங்கியிருந்த மருமகள் காவ்யஸ்ரீ போனை வாங்கித் துழாவினாள். பிளாக் செய்தவற்றுக்குள் கிடந்தது அந்த மெசேஜ்.

திருச்சி, சென்னை, திருவனந்தபுரம் என்று தெரிந்தவர்களையெல்லாம் ஹம்சவேணி கெஞ்சினாள். விடுமுறை முடிந்து குடும்பங்கள் திரும்பும் நேரம். அன்றைக்கே போய்ச் சேர ஒரு சீட் இல்லை. ஆட்டோ பிடித்து விமான நிலையத்துக்கு ஓடினாள். காரியத்தில் மழித்த தலையோடு அழகுபாண்டி பெட்டிமேல் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் அவன் அம்மா செல்லக்கிளி.

"தம்பி, என் மகன் தெரியாம..."

செல்லக்கிளி எழுந்துவிட்டாள். "தன் நம்பரப் போட்டவுகளுக்கெல்லாம் தகவல் வந்து ஏறிப் போயிட்டாக. ஒன்னய நம்புன எம்புள்ள மட்டும் நடுத்தெருவுல கெடக்கான். ஒனக்குன்னு வந்தத எம்புள்ளைக்கு ஏன்டி சொல்லல?"

ஹம்சவேணி கையெடுத்துக் கும்பிட்டாள். அழகுபாண்டி அம்மாவை அடக்கவில்லை.

கார்த்திகேஷைப் போனில் கூப்பிட்டாள். அவன் மன்னிப்புக் கேட்பான் என்று எதிர்பார்த்தாள், பாவம்! வீட்டுப் பாஷையான சௌராஷ்டிரத்தில், கொஞ்சம்கூடக் குரல் உயராமல் அவன் சொன்னது இதுதான்: அவர் டிக்கெட்டில் அவர் நம்பரை அல்லவா போட்டிருக்க வேண்டும்?

விசா ரத்தானது. அழகுபாண்டி சமயநல்லூரில் லாரிக்கு லோடு ஏற்றுகிறான் என்று கேள்விப்பட்டாள். பல மாதம் கழித்து ஒருநாள் அவனே வாசலில் வந்து நின்றான். மஸ்கட்டில் வேலை கிடைத்திருக்கிறதாம், முன்னைவிடக் குறைந்த சம்பளத்துக்கு.

"டிக்கெட்டு போடணுமா தம்பி?"

"போட்டாச்சுக்கா, நானே. சொல்லிட்டுப் போகலாம்னுதேன் வந்தேன்."

"உள்ள வா, காப்பி குடிச்சிட்டுப் போ."

"இல்லக்கா, வாரேன்."

"பிளைட்டு எப்பன்னு சொல்லு. எதுக்கும் நானும் ஒரு வார்த்த விசாரிச்சு..."

"வேணாம்க்கா" என்றான் அவன். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். மரியாதையாகச் சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினான்.